பாரதிப்ரியா வரைந்த படகு

மருத்துவரின் மேசையில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. பதினாறு வயது பாரதிப்ரியா, “சாப்பிட்டீங்களா டாக்டர்?” என்று மூன்றாவது முறையாக வாஞ்சையோடு கேட்டபடி, அப்பாவின் படகை வரைகிறாள். தாளின் ஒரு மூலையில் எஞ்சின், எதிர் மூலையில் நங்கூரம், நடுவே விலகிக் கிடக்கும் இரண்டு பலகைகள், ஓரமாக வலை. ஒன்றையொன்று தொடவில்லை. மின்விசிறிக் காற்றில் படபடக்கும் தாளை இடக்கையால் அழுத்திக்கொள்கிறாள். “பிறவியிலேயே மரபணுவுல ஒரு சின்னத் துண்டு இல்லைங்க. பேச்சு நல்லா வரும். ஆனா எது எங்க இருக்குன்னு மூளையால சேர்த்துப் பாக்க முடியாது” என்கிறார் மருத்துவர். பட்டினச்சேரியில் கடலுக்குப் போகும் அவள் அப்பா கண்ணையன், படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சுனாமிக்கு மறுநாள் எம் படகு கரையில இப்படித்தாங்க கெடந்துச்சு. அப்ப இவ பொறக்கவே இல்ல.” தாளின் அடியில் பென்சில் ஒரு சிறிய ஆளை வரைந்துவிட்டு நிற்கிறது. உப்பில் வெடித்த விரலால் கண்ணையன் அந்த உருவத்தைத் தொடுகிறார். “நானா இது? ஏம்மா என்னைய படகுக்கு வெளிய போட்ட?” அவள் நிமிர்ந்து சிரிக்கிறாள். “நீதான் கரைக்கு வந்துட்டியேப்பா!”