நீல நிற மூடி

ஆவுடையம்மாள் ரயில்வே அலுவலக மேசைமேல் ஒரு நீல நிறப் பாட்டில் மூடியை வைத்தாள். டிக்கெட் இல்லாமல் ரயிலில் வந்ததாகப் போட்ட அபராதம் தொடர்பாக அவள் கொடுக்கும் ஆறாவது மனு இது. ஒவ்வொரு முறையும் ஆதாரமாக இந்த மூடியைத்தான் கொண்டுவருகிறாள்.

"இதை வச்சு நான் என்னம்மா செய்ய? டிக்கெட் எங்க?" என்றார் மாற்றலாகி வந்திருந்த புதிய அதிகாரி.

"அவுக சட்டைப்பையில இருக்கு. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே டிக்கெட்டு. தண்ணி பிடிக்க எறங்குனாக. மூடிய எங்கிட்ட குடுத்து, 'பத்திரமா வச்சிரு, இந்தா வாரேன்'னாக. அதுக்குள்ள ரயிலு கெளம்பிட்டு. பொறவுதான் டிக்கெட் பரிசோதகர் வந்தாரு."

"எப்ப நடந்தது?"

"ஒம்போது வருசமாச்சு."

கோப்பின் அடியில், கணவரைக் காணவில்லை என்று அவள் போலீசில் கொடுத்த புகாரின் நகல் மஞ்சளாகிக் கிடந்தது. அதிகாரி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அபராதத்தை ரத்து பண்ணிடறேம்மா. கட்டின பணம் வந்துரும். வீட்டுக்குப் போங்க."

"நான் எப்பய்யா ரூவா கேட்டேன்? ரசீதுல ஒரு ஆளுன்னு போட்டிருக்கு. ரெண்டு ஆளுன்னு திருத்திக் குடுங்க. அவுகளுக்கும் சேத்து அபராதத்த இப்பவே கட்டிர்றேன்."

"வண்டியில நீங்க ஒரு ஆள்தானம்மா இருந்தீங்க."

அவள் மூடியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அது இனிமே எதுக்கும்மா?"

"வந்ததும் மொதல்ல அதத்தான் கேப்பாக."