டேரன் வாங்கிய முழு மதிப்பெண்

"டேய், ஒண்ணாவது தப்பாச் சொல்லேன்டா, உனக்குப் புண்ணியமாப் போகும்!" என்று கெஞ்சினாள் கெரின்.

தம்பி டேரன் கொல்லைப்புற அடுப்பில் சாசேஜ்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். "நீ கேட்ட, நான் சொன்னேன். சரியா வந்தா அது என் குத்தமா, டாக்டரம்மா?"

கெரின் உளவியல் பேராசிரியை. பிள்ளைகளிடம் பெரியவர்கள் பாலியல் அத்துமீறல் செய்யும் வழக்குகளில், ஜூரியாக உட்காரும் சாதாரண ஜனங்கள் எவ்வளவு தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள் என்று அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்திருந்தாள். திங்கட்கிழமை ஹோபார்ட் நகரில் சட்டக் குழுவின் முன் அதை வைக்க வேண்டும். ஜனங்களுக்கு விஷயம் தெரியவில்லை என்று காட்டினால்தான், விசாரணைக்கு முன்பே நீதிபதி ஜூரிக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்று விதி வரும். இல்லாவிட்டால் சாட்சிக் கூண்டேறும் பிள்ளைகளை இனியும் பொய்யர்கள் என்றே வீட்டுக்கு அனுப்புவார்கள்.

ஊரே மக்காக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் ஒரே வாத்தியார் தான்தான் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. ஒத்திகைக்குத் தம்பியைப் பிடித்ததும் அதனால்தான். பழைய கார் விற்பவன். கால்பந்துச் செய்தியைத் தாண்டி எதையும் படிக்காதவன். இதைவிடத் தரமான அறியாமை எங்கே கிடைக்கும் என்று நம்பி, கேக்கெல்லாம் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"சரி, இதச் சொல்லு. இப்படிச் செய்யறவங்க பெரும்பாலும் முன்பின் தெரியாத ஆளுங்கதானே?"

"இல்ல. வீட்டுக்கு வந்து போறவங்க."

"அந்த ஆளத் திரும்பப் பார்த்தா பிள்ளை பயந்து ஓடிடும். சரியா?"

"எதுக்கு ஓடணும்? சிரிச்சுக்கிட்டே அவரோட போகும். அந்த சாஸ எடு."

கெரின் தலையில் அடித்துக்கொண்டாள். "என் மாணவங்களே பாதிதான்டா தேறினாங்க! என் கட்டுரைய எங்கயாவது திருட்டுத்தனமாப் படிச்சியா?"

"நான் எதையும் படிக்கல."

"பின்ன எப்படிடா? இதையெல்லாம் கத்துக்கறதுக்குள்ள எனக்குப் பாதி ஆயுசு போயிடுச்சு!"

டேரன் அடுப்பை அணைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"அப்பாவோட சிநேகிதர் ஒருத்தர், கிறிஸ்துமஸுக்கெல்லாம் நம்ம வீட்டுக்கு வருவாரே. என்னை மட்டும் மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போவாரு. அங்கதான் கத்துக்கிட்டேன்."

இப்படி ஒருவர் மனம் திறக்கும்போது என்ன சொல்லலாம், எதை மட்டும் வாய் தவறியும் கேட்கக் கூடாது என்று ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்தியவள் கெரின். வாயைத் திறந்ததும் அந்தக் கேட்கக் கூடாததுதான் முதலில் வந்து விழுந்தது.

"நெஜமாவாடா? அப்போ ஏன் இத்தனை நாளா யாருகிட்டயும் சொல்லல?"