யாரும் பார்க்காத விலங்கு

கடலுக்கு நடுவே ஒரு குட்டித் தீவு. அங்கே அமலி என்பவள் வளர்த்த சுட்டி என்ற ஆட்டுக்கு ஒரே ஒரு மனக்குறை. தீவின் காட்டு உயிர்களைக் கணக்கெடுக்கப் படகில் வந்தவர்கள் உடும்பைப் படம் எடுத்தார்கள். நண்டைக்கூட மண்டியிட்டுப் படம் எடுத்தார்கள். தினமும் சுட்டியின் பாலில் டீ குடித்தும், சுட்டியை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"உடும்பண்ணே, உங்ககிட்ட அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டது சுட்டி.

"நான் லேசுல யார் கண்ணுலயும் படமாட்டேன். நீதான் எந்நேரமும் வாசல்லயே நிக்கிறியே!" என்றது உடும்பு.

அன்றே சுட்டி வேலியைத் தாண்டித் தாழம்புதருக்குள் ஒளிந்துகொண்டது. எதிரே மரத்தில் அவர்கள் கட்டிவைத்த கேமரா இருந்தது. அதன்முன் எது வந்தாலும் கேமரா தானாகவே படம் எடுக்கும். சுட்டி உடம்பைச் சிலிர்த்து, கம்பீரமாகத் தலையை நிமிர்த்தி, ஓர் அடி எடுத்துவைத்தது.

"சுட்டீ... எங்கடி போய்த் தொலைஞ்ச? சுட்டீ..." தூரத்தில் அமலியின் குரல் தழுதழுத்தது.

கம்பீரமாவது ஒன்றாவது! முள் கிழித்ததைக்கூடப் பாராமல் ஒரே ஓட்டமாக ஓடி, அவள் இடுப்பில் முட்டிக்கொண்டு நின்றது.

மறுநாள் படத்தைப் பார்த்தவர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"மங்கலா வால் மட்டும்தான் விழுந்திருக்கு. இதுவரைக்கும் யாருமே பார்க்காத விலங்கா இருக்கும்போல!"

"முதல்ல டீயைக் குடிங்க, ஆறுது" என்று டம்ளரை நீட்டினாள் அமலி. அவளை உரசிக்கொண்டு, அதே வாலை ஆட்டியபடி நின்றது சுட்டி.