விளங்கிய ஒரே சொல்

உட்துறைமுக வீதி வீட்டு விறாந்தையில் நான்கு பேர் இருந்தார்கள்: பேணாட், அவர் மனைவி இன்பமலர், பிளாக் மெட்டல் என்ற அலறல் இசைக் குழுவில் ட்ரம்ஸ் அடிக்கும் இஹ்ஸான், கிற்றார் வாசிக்கும் லதுஷா. குழுவின் பாடகன், பேணாட்டின் மகன் ஜக்சன் இல்லை.

“மூண்டு அல்பம். ஒரு சொல்லாவது விளங்கிச்சோ?” என்றார் பேணாட். “கிற்றார் ஒப்பாரி வைக்கும், இவன் பேய் பிடிச்ச மாதிரிக் கத்துவான்.”

“அவன் கத்தத் தொடங்கினா இவர் குசினிக்குள்ள போய்ப் பூட்டிக்கொள்ளுவார்,” என்றாள் இன்பமலர்.

“கடைசியாப் பதிஞ்சதைப் போடு, தம்பி.”

“அது அல்பத்தில வராது, அங்கிள்,” என்றான் இஹ்ஸான்.

“ஏன், எனக்கு விளங்காதெண்டோ?”

“விளங்கும். அதாலதான் வேண்டாமெண்டுறன்.”

பேணாட் போனை வாங்கித் தானே அழுத்தினார். கிற்றார் மெதுவாக இழுத்தது. திடீரென்று நின்றது. பிறகு அலறல்: “அப்பா! அப்பா!”

பேணாட்டின் முகம் தெளிந்தது. “என்னையும் பாடியிருக்கிறான்!”

“அது பாட்டில்லை, அங்கிள். அவன் இங்க அறையில தனிய கிற்றார் வாசிச்சு, கரண்ட் அடிச்சுச் செத்த அண்டைக்குப் பதிஞ்சது.”

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது “அப்பா”வின் நடுவே, பதிவிலேயே, சுவருக்கு அப்பால் ஒருவர் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திப் பூட்டும் சத்தம் கேட்டது.