துறைத் தலைவருக்குக் கண்ணீர் அஞ்சலி

“நான் செத்துட்டேன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?”

வரலாற்றுத் துறைத் தலைவர் போட்ட சத்தத்தில், பல்கலைக்கழக இணையதளப் பிரிவின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. மாணவர்கள் அவருக்கு சுல்தான் என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை. அவருக்குப் பின்னால் மனைவி, மடியில் ஒரு புடைத்த பையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் சண்டை போட வந்த இடத்துக்கு இவ்வளவு பெரிய பை எதற்கு என்று பக்கத்து மேசைக்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

“யாரும் சொல்லலை சார்,” என்றாள் அந்தப் பிரிவைக் கவனிக்கிற பெண். “பழைய தலைவர் இறந்தப்போ ஒரு பக்கம் போட்டோம். நீங்க பதவிக்கு வந்ததும் அதையே நகல் எடுத்து, உங்க படத்தையும் விவரத்தையும் மாத்தினோம். தலைப்ப மாத்த மறந்துட்டோம். உள்ள எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“உள்ள எவன்மா போய்ப் பாக்கறான்? என் பேரப் போட்டுத் தேடினா முதல்ல என்ன வருது, படி.”

அவள் திரையைப் பார்த்து மெல்லப் படித்தாள். “துறைத் தலைவருக்குக் கண்ணீர் அஞ்சலி.”

“கீழ?”

“உங்க பேரு சார்.”

உள்ளே போனால் மட்டும் என்ன? படம், பட்டங்கள், ஆற்றிய பணிகள், எழுதிய நூல்கள். பேராசிரியர்களின் பக்கங்களை அவர்கள் உயிரோடிருக்கும்போதே அப்படித்தான் எழுதி வைக்கிறார்கள்.

“நேத்து ஒரு பழைய மாணவன் மலர்வளையத்தோட வீட்டுக்கு வந்துட்டான். கதவத் திறந்ததே நான்தான்.”

பக்கத்து மேசையில் ஒருவர் இருமுவது போல் சிரித்தார்.

“சிரிங்க. எம் பொண்ணு இதப் பாத்திருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா?”

அந்தக் கதை வளாகத்துக்கே தெரியும். வெளியூரில் வேலை பார்க்கும் மகள், கூட வேலை செய்கிற ஒருவனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். சுல்தான் முடியாது என்றார். அப்பா உயிரோடு இருக்கும்வரை அவனைக் கட்ட மாட்டேன் என்று சத்தியம் செய் என்றார், செய்தாள். இனி வீட்டுப்பக்கம் வராதே, என் சாவுக்குக்கூட வராதே என்றார், போய்விட்டாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பெண். நாலு வருஷமாகச் சொன்ன சொல் மாறவில்லை. அவனும் காத்திருந்தான்.

“அவ கொடுத்த வாக்கு, நான் இருக்கிற வரைக்கும்தான்,” என்றபோது சுல்தானின் குரல் முதல்முறையாக இறங்கியது.

“பாத்திருக்க மாட்டாங்க சார். அப்பா போயிட்டார்னு பாத்தா, எந்தப் பொண்ணாவது வீட்டுக்கு ஒரு போன் பண்ணாம இருப்பாளா? என்னதான் கோபம் இருந்தாலும்?”

சுல்தான் யோசித்தார். முகம் தெளிந்தது.

“அதுவும் சரிதான். போன் வரலையே. அப்ப பாக்கலை.” நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “மாத்தும்மா. நான் இருக்கேன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்.”

அவள் தட்டினாள். கண்ணீர் அஞ்சலி போய், அவர் பெயரும் பதவியும் தலைப்பில் வந்து உட்கார்ந்தன. சுல்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“ம், இப்ப உயிர் வந்துது. ஏய், கிளம்பு.”

மனைவி எழுந்திருக்கவில்லை. பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“போன் வந்துதுங்க.”

“எப்ப?”

“போன மழைக்காலத்துல. நீங்க வகுப்புக்குப் போயிருந்தீங்க. ‘அம்மா, போட்டிருக்கறது நெசமா’ன்னு அழுதா. ‘ஆமாண்டி, எல்லாம் முடிஞ்சிருச்சு, அவர் சொன்னபடி நீ வர வேணாம்’னு சொல்லிட்டேன்.”

அங்கிருந்து மனைவி அந்தப் பையோடு நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போனாள். கல்யாணமாகிப் புருஷனோடு இருக்கும் மகளின் வீட்டில்தான் இப்போது இருக்கிறாள்; அந்தத் தெருவில் அவளைக் கணவனை இழந்தவள் என்று சொல்கிறார்கள், அவளும் மறுப்பதில்லை.