பண்ருட்டி வளைகாப்பு

பிளஸ் டூ ரிசல்ட் ஒன்பதரைக்கு. எட்டே முக்காலுக்கே எதிர் குவார்ட்டர்ஸ் புஷ்பவல்லி வந்து எழில்மதி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கைக்குள் ஒரு துண்டுச் சீட்டு. அதில் பதிவெண்.

"எங்க வீட்ல நெட்டு சுத்திக்கிட்டே இருக்கு எழிலு. நீயே பாத்துச் சொல்லிரு. வணிகவியல நெனச்சாத்தான் பயமா இருக்கு."

எழில்மதிக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

பின்னே? இரண்டு வருடத்துக்கு முன், இதே ரிசல்ட் நாளில், இவள் கையிலிருந்த போனைப் பிடுங்கி மார்க்கைத் தெருவுக்கே வாசித்துக் காட்டியவள் புஷ்பவல்லி. காமர்ஸ் குரூப்பா, கணக்கு வரலியா என்று துக்கம் விசாரித்தவளும் அவள்தான்.

அடுத்த மாதமே அவள் மகள் கிருஷ்ணப்ரியாவும் காமர்ஸ் எடுத்தாள். அது மட்டும் சி.ஏ. படிப்பதற்காக.

அன்றிலிருந்து சாயந்திரமானால் புஷ்பவல்லி சந்தேகம் கேட்க வந்துவிடுவாள். மேலாண்மைக் கொள்கை பதினாலும் எவை, பங்குச் சந்தையில் காளை யார், கரடி யார். மகள் கூச்சப்படுகிறாளாம். அம்மா கேட்டுக்கொண்டு போய்ச் சொல்வாளாம்.

அவ்வளவு அக்கறைக்காரி, மகளுக்கு வணிகவியல் பரீட்சை நடந்த அன்றைக்கே, பண்ருட்டியில் யாருக்கோ வளைகாப்பு என்று விடிகாலை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். பிளாக்கே சிரித்தது.

மணி ஒன்பதரை. இணையதளம் திறக்கவில்லை.

புஷ்பவல்லி தண்ணீர் கேட்டாள். குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

அவள் போன் அடித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து கிருஷ்ணப்ரியா. வணிகவியலில் தொண்ணூற்று நாலு என்று அவள் கத்தியது எழில்மதிக்கே கேட்டது.

"சரிம்மா, வை" என்றாள் புஷ்பவல்லி.

எழுந்திருக்கவில்லை. சீட்டை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அதான் வந்துடுச்சே ஆன்ட்டி. இன்னும் இன்னாத்துக்குப் பயந்துகினு கீறீங்க?"

புஷ்பவல்லி சீட்டை நீட்டினாள். வியர்வையில் எண்கள் ஊறியிருந்தன. எழில்மதி ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்தாள். அடுத்து பிறந்த தேதியைக் கேட்டது.

"பதினொண்ணு... ஆறு."

"வருஷம்?"

புஷ்பவல்லி வாசலைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள் கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டே, ஒரு காதை இந்தப் பக்கம் வைத்திருந்தாள்.

"எழுபத்தொம்போது."

எழில்மதியின் விரல் நின்றது.

"மத்த பாடமெல்லாம் போன வருஷமே தாண்டிட்டேன். இது ஒண்ணு, மூணு மார்க்குல நின்னுபோச்சு. அவருக்குக்கூடத் தெரியாதும்மா."

பண்ருட்டியில் நடந்தது எந்த வளைகாப்பு என்று எழில்மதிக்கு அப்போதுதான் விளங்கியது.

அவள் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து வருடத்தை அடித்தாள். பக்கம் திறந்ததும், சுவரைக்கூடத் தாண்டாத குரலில் ஒரு எண்ணைச் சொன்னாள்.

"முப்பத்தஞ்சு இருந்தா போதும்தானே?"

"போதும் ஆன்ட்டி. பாஸாயிட்டீங்க."

புஷ்பவல்லி அதையே இன்னொரு முறை கேட்டாள். அப்புறம்தான் தண்ணீரைக் குடித்தாள்.

காலை பத்து மணிக்கு எழில்மதி வீட்டுக் கதவு சாத்தியிருப்பதைத் தெருவே பார்த்தது. தட்டி, என்ன விஷயம் என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் உள்ளே இருந்தாள்.