யோசித்து முடிவெடுத்த சுவிட்ச்

சோதனை மேசையில் புது சுவிட்ச் ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. இயந்திர விரல் அதை நாற்பதாயிரம் முறை தட்டும். ஒருமுறை நடுவில் தயங்கி நின்றாலும் தீப்பொறி பறந்து உள்ளே கருகிவிடும். பிறகு கழிவுப் பெட்டிதான்.

“ஆன் பக்கமும் நம்மாளுங்க, ஆஃப் பக்கமும் நம்மாளுங்க. யார் மனசும் நோகாம, கொஞ்சம் நடுவுல நின்னு யோசிக்கிறேன்டா தம்பி” என்றது, வயிற்றுக்குள் இருந்த ஸ்பிரிங்கிடம்.

“தாராளமா யோசிங்கண்ணே” என்றது ஸ்பிரிங்.

விரல் தொட்டதுமே ஸ்பிரிங் உள்ளேயிருந்து விலாவில் ஓர் உதை விட்டது. டக்கென்று அண்ணன் அந்தப் பக்கம் சாய்ந்தது. நாற்பதாயிரம் தடவையும் அதே உதை.

தேர்ச்சி முத்திரை விழுந்ததும் சுவிட்ச் பக்கத்து சுவிட்சிடம் சொன்னது: “எதையும் சட்டுனு முடிவெடுக்கிறது நம்ம பிறவிக்குணம்.”

“ஆமாண்ணே” என்றது ஸ்பிரிங், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.